'அவர்' என்று போட்டால் தீர்ந்ததா?

வாசகர் ஒருவரின் கேள்வி:

"ஆங்கிலத்தில் ஹீயா ஷீயா என்று அடிபடுகிறார்கள். தமிழில் அந்தத் தலைவலியே இல்லை. முன்பின் தெரியாத ஆளை 'அவர்' என்று எழுதிவிட்டால் ஆணுக்கும் ஆச்சு, பெண்ணுக்கும் ஆச்சு, மரியாதைக்கும் ஆச்சு. பிறகு ஏன் சிலர் 'நான் அண்ணா இல்லை, அக்கா' என்று நடுவில் புகுந்து திருத்துகிறார்கள்? பேசுகிற விஷயத்தைப் பேசிவிட்டுப் போகலாமே."

பெப்ரவரி 4, இரவு

அந்தச் சிலரில் ஒருத்தி நான்தான். போன வாரம் இணையத்தில் ஸ்கூட்டி பற்றிய பேச்சில் புகுந்து திருத்தியதும் நான்தான். அதனால் பதில் என் தலையில்.

மழை வெள்ளத்தில் நின்ற ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டது. சும்மா சும்மா செல்ஃப் அடிக்காதே, பிளக்கைக் கழற்றித் துடை, எயார் ஃபில்டரைத் திறந்து பார், நனைந்திருந்தால் காயவிடு, காபரேட்டருக்கு அடியில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், அதைத் தளர்த்தித் தண்ணீரை வடியவிடு என்று எழுதினேன். கொழும்பு வெள்ளவத்தையில் பத்து வருடமாக ஸ்கூட்டி ஓடுகிறேன். மரைன் டிரைவ் உப்புக்காற்றும் நவம்பர் மழையும் கராஜ் பாஸுக்குக் கொடுத்த காசும் சேர்ந்து கற்றுத்தந்த பாடம் இது.

"நன்றி அண்ணா" என்று முதல் பதில். அடுத்தவர், "அண்ணா சொன்னது சரி, அவர் சொன்ன மாதிரியே செய்யுங்கோ." மூன்றாமவர், "அனுபவமுள்ள மனுசன்." அங்கேதான் நான் "அக்கா" என்று ஒரே ஒரு சொல் போட்டேன். உடனே வந்த பதில்: "மன்னிக்கவும் அண்ணா, அக்கா என்று தெரியாது."

சிரித்து முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது.

பெப்ரவரி 5, காலை

ஒரு சொல் போட்டதற்கே "நடுவில் புகுந்து" என்கிறார் கேள்வி கேட்டவர். அந்த ஒரு சொல்லைப் போட எனக்கு எத்தனை வருடம் எடுத்தது என்று அவருக்குத் தெரியாது.

தமிழில் 'நான்' ஆணுமில்லை பெண்ணுமில்லை. "நான் வந்தேன்" என்று யாரும் எழுதலாம். ஹிந்தியில் அப்படி ஒளிய முடியாது, வினையே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பெயர்களோ தகப்பனின் முதலெழுத்தும் பின்னால் ஒரு பெயரும். அந்தப் பெயரும் சசி, ஜீவா, கிருபா என்று இருந்தால் முடிந்தது கதை. என் பெயரும் அந்த ரகம். முதல் மூன்று வருடம் நான் அண்ணாவாகவே இருந்தேன். வாயே திறக்கவில்லை.

காரணம் வெட்கமில்லை. வசதி. அண்ணா சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். முதல் தடவை திருத்தியபோது பேச்சு ஸ்கூட்டியின் கிளட்ச் பற்றியது. நான் பெண் என்று தெரிந்ததும் அதே ஆள் அதே பதிலுக்குக் கீழே, "எதுக்கும் வீட்டிலை அவரிட்டை ஒருக்கா கேட்டுப் பாருங்கோ" என்று எழுதினார். வீட்டில் 'அவர்' ஒருவர் இருக்கிறார்தான். ஸ்கூட்டியின் சீற் திறக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிடுகிறவர்.

பெப்ரவரி 5, மதியம்

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. மேலே "ஒரு பிள்ளை கேட்டது" என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா எனக்குத் தெரியாது. 'பிள்ளை' என்று சொல்லி அஃறிணை வினையில் நழுவிவிட்டேன். சின்ன வயது என்பதுகூட என் ஊகம்தான். நாற்பது வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

பெப்ரவரி 6, இரவு

இனி 'அவர்' விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தில் அது இருபாலுக்கும் பொது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஆட்கள் அதை எந்தக் காதால் கேட்கிறார்கள்? எங்கள் பேச்சில் அவர் என்றால் ஆம்பிளை. மரியாதையான பெண்ணுக்கு அவ, சில வாய்களில் அவா. "அவர் வந்தவர்", "அவ வந்தவ." டொக்டர் அவ, ரீச்சர் அவ, நீதிபதியும் அவ. அம்மாவை எந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் பேச்சில் 'அவர்' என்று சொல்லாது. ஆகவே முன்பின் தெரியாத ஒருத்தியை எழுத்தில் அவர் என்று போட்டால், இங்கே வாசிக்கிறவரின் மனதில் மீசை முளைத்துவிடும்.

என் பிழை ஒன்றையே சொல்கிறேன். நான் வேலை செய்வது பம்பலப்பிட்டியில், மொழிபெயர்ப்பு. சிங்களம், ஆங்கிலம், தமிழ் மூன்றும் ஒரே மேசையில். சிங்களப் பேச்சில் 'எயா' என்று ஒரு சொல் இருக்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவேதான். எழுத்துச் சிங்களத்தில் தனித்தனிச் சொல் உண்டு, வாயில் எயா. வினையும் மாறாது. "எயா ஹெட்ட எனவா" என்றால் நாளைக்கு அந்த ஆள் வருகிறது. யார் என்பதைச் சொல்லாமலே ஒரு நாள் முழுக்க கதைக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பயிற்சி கொடுக்க ஒருவர் வருவதாக மனேஜர் சிங்களத்தில் சொன்னார். எயா, எயா, எயா. நான் அதைத் தமிழாக்கி சாரதிக்குச் செய்தி அனுப்பினேன்: "அவர் நாளைக்கு ரயிலில் வருகிறார், கோட்டை ஸ்டேஷனில் போய் அழைத்து வரவும்." எழுத்துத் தமிழில் பழுதில்லாத வசனம். சாரதி போய், இறங்குகிற ஆம்பிளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வந்தவ ஐம்பது வயது அம்மா. அவவின் போனில் சார்ஜ் இல்லை. முக்கால் மணித்தியாலம் இரண்டு பேரும் ஒரே தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றிருக்கிறார்கள்.

திரும்பி வந்து சாரதி சொன்னது இவ்வளவுதான்: "மிஸ், நீங்கள் அவர் எண்டெல்லோ எழுதினனீங்கள்."

பழைய இலக்கணக்காரர்கள் ஐம்பால் என்று பிரித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், ஆள் யாரென்று தெரியாதபோது என்ன செய்வது என்று யோசிக்கவேயில்லை. (இந்த வசனத்துக்குக் கீழே பெப்ரவரி 10 பார்க்கவும்.)

பெப்ரவரி 7

சென்னையிலிருந்து ஒரு வாசகி. நான் அவவைப் பற்றி மரியாதையாக "அவ சொன்னவ, சரியாத்தான் சொன்னவ" என்று எழுதியிருந்தேன். கோபித்துக்கொண்டா. அங்கே அவ என்றால் அவள் என்பதன் பேச்சு வடிவம். பழகாத ஒருத்தியைச் சொன்னால் அடி விழும். நான் அக்காவுக்குக் கொடுத்த மரியாதை அங்கே போய்ச் சேரும்போது வாடி போடி ஆகிவிட்டது.

மன்னிப்புக் கேட்டேன். உடனே அவவும் எனக்குப் பதில் மரியாதை செய்தா. "அவங்க கொழும்பு, அவங்க தமிழ் அப்படித்தான்" என்று மற்றவர்களுக்கு விளக்கினா. அங்கே அவங்க என்றால் ஒருவருக்கான மரியாதை, ஆணுக்கும் பெண்ணுக்கும் சேரும். இங்கே எங்கள் காதில் 'அவங்கள்' என்பது சந்தியில் நிற்கிற நாலு பெடியளைத் திட்டும் சொல். இருவரும் பண்பாக ஒருவரையொருவர் ஏசிக்கொண்டோம்.

பெப்ரவரி 7, பிறகு

அதே வாசகி இன்னொன்றும் சொன்னா, அது என் மண்டையில் ஏறவே அரைநாள் எடுத்தது. ஸ்கூட்டி விஷயத்தில் நான் "நானும் போன மழைக்கு இப்பிடித்தான் கழட்டினனான்" என்று எழுதியிருந்தேன். கழட்டினனான், முடிவில் ஆன், ஆண்பால் விகுதி, ஆகவே ஆள் ஆண் என்று அவ முடிவு கட்டியிருக்கிறா.

எங்கள் பக்கத்தில் வந்தனான், சொன்னனான், போனனான் எல்லாம் பெண்ணும் சொல்வதுதான். வாலில் ஒட்டியிருப்பது 'நான்'. உன்னிடம் கேட்டால் "நீ வந்தனீ" என்று 'நீ' ஒட்டும். என் அம்மம்மா எழுபது வருடம் வந்தனான் போனனான் என்று கதைத்தவ. அவவை யாரும் ஆம்பிளை என்று நினைக்கவில்லை.

அப்படியென்றால் எனக்கு அண்ணா பட்டம் கொடுத்ததில் பாதி குற்றம் ஸ்கூட்டிக்கு, பாதி என் வினைமுற்றுக்கு. போன நாள் எல்லாப் பழியையும் மற்றவர்கள் தலையில் போட்டேன், அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

பெப்ரவரி 8

இன்னொருவர்: "அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுவிட்டால் சந்தேகமே வராதே."

வெளிநாட்டு வாசகர்களுக்கு: இலங்கை அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த வருடத்துக்கு அடுத்து வரும் மூன்று இலக்கம், அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். ஜனவரி முதலாம் தேதி பிறந்த ஆண் 001, பெண் 501. 2016இல் பன்னிரண்டு இலக்கமாக மாறிய பிறகும் அந்த ஐந்நூறு அப்படியே இருக்கிறது. வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறவர் முகத்தைப் பார்க்காமலே "மிஸ்" என்று கூப்பிடுவது இதனால்தான்.

போடலாம்தான். பிறந்த நாளும் சேர்ந்து வெளியே போகும், பிறகு வயதைப் பற்றி ஒரு விவாதம் தொடங்கும். ஐந்நூறு கூடியவள் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

பெப்ரவரி 10

பெப்ரவரி 6ஆம் தேதி இலக்கணக்காரர்கள் மேல் போட்ட பழியை வாபஸ் வாங்குகிறேன். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் காதைப் பிடித்துத் திருகிவிட்டார்.

தொல்காப்பியத்தில், சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே இருக்கிறது. மனிதர் என்று தெரிகிறது, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, அப்போது பன்மையில் சொல். எட்டத்தில் ஒரு உருவம் வருகிறது, ஆண்மகனோ பெண்டாட்டியோ, "தோன்றுவார்" என்று முடி. (பெண்டாட்டி என்றால் அங்கே மனைவி இல்லை, பெண் என்றுதான் பொருள். அதற்கும் ஒரு சண்டை வரும் முன் சொல்லிவைக்கிறேன்.) 'ஒருவர்' என்ற சொல் இருபாலுக்கும் உரியது என்றும் தனியாகச் சொல்லியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒற்றை ஆளுக்குத் 'தே' (they) போடுவதை மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019இன் சொல்லாகத் தேர்ந்தபோது நான் வேலை செய்யும் இடத்தில் அது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. பன்மையைக் கடன் வாங்குகிற அதே வித்தை. வாத்தியார் அதைக் கேட்டு மூக்கால் சிரித்தார் என்று நினைக்கிறேன், எழுத்தில் சரியாகத் தெரியவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது இரண்டாவது பகுதி. ஐயம் தீர்ந்த பிறகு எப்படித் திருத்துவது என்றும் நன்னூலில் விதி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். எது உண்மை என்று தெரிந்துவிட்டால் அந்த உண்மையின் மேல் நின்று மற்றதை மறுக்க வேண்டும். ஆண் என்று நினைத்தது பெண் என்று தெரிந்தால் "ஆண்மகன் அல்லள், பெண்." அல்லன் இல்லை, அல்லள். மறுக்கிற சொல்லிலேயே சரியான பால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மன்னிப்பு, விளக்கம், நீட்டி முழக்கல் ஒன்றும் கிடையாது.

இனிமேல் என் திருத்தம் இதுதான்: அண்ணன் அல்லள், அக்கா.

பெப்ரவரி 10, இரவு

வாத்தியார் விடவில்லை. "அப்படியானால் கேள்வி கேட்டவர் சொன்ன 'அவர்' சரிதானே, அதுவும் பலர்பால்தானே?" என்கிறார். ஏட்டில் சரி ஐயா. கோட்டை ஸ்டேஷனில் சரிவரவில்லை.

மலையாளிகளைப் பார்த்தால் பொறாமை. அவன் வந்நு, அவள் வந்நு. வினையில் ஒட்டியிருந்த 'ஆன்', 'ஆள்' விகுதிகளை எப்போதோ கழற்றிவிட்டார்கள். நாங்கள் மட்டும் ஒவ்வொரு வசன முடிவிலும் ஆளின் சட்டையா சேலையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பெப்ரவரி 13

ஊருக்கு உபதேசம் போதும். என் பக்கக் கணக்கு.

மீன் குழம்புக்குப் பாற்பால் எப்போது விடுவது, கொறுக்காப்புளி எவ்வளவு போடுவது என்று எழுதுகிற ஒருவர். ஏழெட்டு மாதமாக நான் அவரை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, உங்கட கைப்பக்குவம் எங்கட அம்மாவை ஞாபகப்படுத்துது" என்றுகூட எழுதினேன். ஒரு நாள் தன் கையைப் படம் எடுத்துப் போட்டார், அரைத்த மிளகாய்க் கூட்டு எந்தப் பதம் என்று காட்டுவதற்கு. முழங்கை வரை நரைத்த மயிர், சாறத்தின் நுனி, தேய்ந்த மணிக்கூடு. கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிற, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா.

அவர் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. ஏன் என்று கேட்டேன். "நீங்கள் அக்கா எண்ட நேரமெல்லாம் என்ர மனுசியைத்தான் சொல்லுறீங்கள் எண்டு நினைச்சனான். சமையல் அவவின்ரதுதானே" என்றார். மனைவி போய் நாலு வருடம்.

ஸ்கூட்டி என்றால் அண்ணா என்று நினைத்தவர்களுக்கு நான் பாடம் எடுத்த அதே மாதங்களில், குழம்பு என்றால் அக்கா என்று நினைத்திருக்கிறேன். இதற்கு என்னிடம் பகிடி ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 14

திருத்தம்: பாற்பால் இல்லை, தேங்காய்ப்பால். தூக்கக் கலக்கம். கப்பிப்பால் (கடைசியாகப் பிழிகிற தண்ணிப்பால்) முதலில், முதற்பால் கடைசியில் என்று ஐயா சொல்லச் சொன்னார்.

பெப்ரவரி 18

கொஞ்சம் சிக்கலான ஒன்று. சோலார் பற்றரி பற்றி நல்லாக எழுதுகிற ஒருவர், அக்கா அண்ணா சண்டையைப் பார்த்துவிட்டு ஒரு வரி போட்டிருந்தார்: "எனக்கு அக்காவும் வேண்டாம், அண்ணாவும் வேண்டாம். பெயர் போதும்." காரணம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இலங்கையில் 2016இலிருந்து பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வழி இருக்கிறது என்பது எனக்கு மொழிபெயர்ப்பு வேலையில் தெரியும். ஆனால் பற்றரி பற்றிப் பேச யாரும் யாருக்கும் சான்றிதழ் காட்டத் தேவையில்லை.

எழுத உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. "சொன்னவ" என்று விரல் போனது. அழித்தேன். "சொன்னார்" என்று எழுதினேன், என் காதில் மீசை முளைத்தது. அழித்தேன். பெயரைப் போட்டு "சொன்னது சரி" என்று முடித்தேன். அது வேலை செய்தது. அடுத்த வசனத்திலும் பெயர், அதற்கடுத்ததிலும் பெயர். ஐந்தாவது தடவை பெயர் வந்தபோது பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கடைசியில், பத்து நாளாக நான் குறை சொன்ன அதே 'அவர்' காலில்தான் போய் விழுந்தேன். எழுதும் முன் அந்த ஆளிடமே கேட்டேன்: "அவர் என்று எழுதினால் பரவாயில்லையா?"

பதில்: "பரவாயில்லை. நீங்கள் போட்ட வயர் மெல்லிசு, முதலில் அதை மாத்துங்கோ."

பெப்ரவரி 19

நேற்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "ஆக நான் சொன்னதற்கே வந்துவிட்டீர்கள்."

வந்தேன். ஆனால் கேட்டுவிட்டு வந்தேன். நீங்கள் கேட்காமலே போடச் சொன்னீர்கள். அத்தோடு, நான் ஒருத்தி, எனக்கு அவ வேண்டும். அந்த ஆளுக்கு அவர் போதும். கொட்டாஞ்சேனை ஐயாவுக்கு அக்காவே சரி. மூன்று பேருக்கும் ஒரே சட்டை தைக்க வெளிக்கிட்டால் கை நீளும், கழுத்து இறுகும்.

பெப்ரவரி 19, பிறகு

உங்களை இவ்வளவு நாளாக நான் 'அவர்' என்றும் 'கேள்வி கேட்டவர்' என்றும் எழுதிவருகிறேன். நீங்கள் யார்?

பெப்ரவரி 20

"தங்கச்சி, நான் ரெண்டு பேரப்பிள்ளைகளுக்கு அம்மம்மா" என்று பதில் வந்திருக்கிறது.

அண்ணன் அல்லள். எழுந்து நின்று கும்பிடுகிறேன் அம்மா. நீங்கள் ஏன் முதல் நாளே சொல்லவில்லை?

"பேசுகிற விஷயத்தைப் பேசிவிட்டுப் போகலாம் என்றுதான்."

பெப்ரவரி 26

அடுத்த பயிற்சி. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பவும் ஒரு ஆள். மின்னஞ்சலில் ஒரு முதலெழுத்து, பின்னால் கிருபா. மனேஜரிடம் கேட்டேன், "எயா" என்றார். போன் நம்பருக்கு எடுத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை.

சாரதி வாகனத் திறப்பைச் சுழற்றிக்கொண்டு கதவடியில் நின்று கேட்டார்: "மிஸ், வாறது அவரோ அவவோ?"

"தெரியேல்லை அண்ணை."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வருவினம் எண்டு நினைச்சுக்கொண்டு போய் நிக்கிறன்" என்று பன்மையிலேயே சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பெப்ரவரி 26, மதியம்

ரயில் ஐம்பது நிமிடம் பிந்தியாம். இன்னும் நிற்கிறார்.